காலுக்கு என்ன ஆச்சு?

என் அண்ணன் மருமகள் நல்ல பெண். போன மாதம் வந்திருந்தபோது, நான் காலமெல்லாம் ரயிலேறி வேலைக்குப் போனவள் என்பதற்காக, வழியில் முன்பின் தெரியாதவர்கள் எனக்குச் செய்த நல்லதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னாள். அந்தக் காலத்து மனிதர்களுக்கு மனசில் ஈரம் இருந்தது என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈரமா? அந்த ஈரத்தில் நனைந்து நனைந்து எனக்கு ஜலதோஷம் பிடிக்காத குறைதான். எழுதத்தான் போகிறேன். ஆனால் அவள் கேட்ட மாதிரி இருக்காது.

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். மூன்று வயதில் ஜுரம் வந்து, இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப் போயிற்று. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். அப்படி நடந்தே எங்கும் போய்விடுவேன். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். எங்கள் வீடு திருவள்ளூரில் பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். தெருவில் எல்லோருக்கும் என் காலைத் தெரியும், அதனால் அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. தெருவைத் தாண்டினால் ஆரம்பித்துவிடும்.

அறுபதுகளில் மாதம் ஒரு தடவை அம்மா என்னைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அழைத்துப் போவாள். பெட்டியில் ஏறியதும் யாராவது எழுந்து இடம் கொடுப்பார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இருக்க மாட்டார். "பாப்பாவுக்குக் காலுக்கு இன்னா ஆச்சு?" என்று ஆரம்பிப்பார். உட்கார்ந்த இடத்துக்கு வாடகையாக அம்மா அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்ததும் பெட்டி முழுவதும் வைத்தியராகிவிடும். ஒருவர் புத்தூருக்குப் போய்க் கட்டு கட்டிக்கொள்ளச் சொல்வார், எலும்பே முறியாத காலுக்கு. இன்னொருவர் உடும்புத் தைலம் என்பார். எண்ணூர்க் கடற்கரையில் இடுப்புவரை மணலில் புதைத்து வைக்கச் சொன்ன ஒரு பெரியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஏனென்றால் அம்மா அதை ஒரு தடவை செய்தே பார்த்தாள். வேறொருவர் என்னைக் கேட்காமலேயே காலை இழுத்து அமுக்கிப் பார்த்து, நரம்பு உயிரோடுதான் இருக்கிறது என்று பெட்டிக்கே அறிவித்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தக் காலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அமாவாசை என்றால் எங்கள் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. வெளியூர்க் கூட்டம் நேர்ந்துகொண்டபடி கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்து, தெருவோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரிசியும் காசும் போட்டுக்கொண்டே போகும். ஒரு அமாவாசையன்று அப்பாவுக்காக மதில் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். பட்டுப் புடவை கட்டிய ஒரு மாமி என் முன்னால் வந்து நின்றாள். காலைப் பார்த்தாள். கண் கலங்கினாள். என் தாவணித் தலைப்பை அவளே விரித்து, அதில் இரண்டு கை அரிசியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அரிசியைக் கீழே கொட்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அதை அப்படியே முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அதை வாங்கிக் கொல்லைப்புறத்தில் குருவிகளுக்கு இறைத்தாள். அந்த மாமி ஊருக்குப் போய் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் என்று நினைத்து நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய நல்ல மனசு எங்கள் வீட்டிலேயே இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா காலமானார். அரக்கோணத்தில் உத்தியோகத்தில் இருந்த அண்ணா வந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ எதுக்கு கஷ்டப்படணும்? கடைசி வரைக்கும் நான் வெச்சுக் காப்பாத்தறேன்" என்றான். கேட்டவர்கள் எல்லோரும் உருகினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அரக்கோணத்து வீட்டின் பின்கட்டு, மன்னியின் குழந்தைகள், காலையில் காபிக்கு ஆரம்பித்து ராத்திரி பாத்திரம் கவிழ்ப்பது வரை ஒரு சமையலறை, பிறகு சாவு. நான் அதற்குள் திருவள்ளூர் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். வேலை தேடுகிறேன் என்றேன். ஆவணி பிறக்கும்வரை பார், கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொள் என்றான். அதையும் அன்பாகத்தான் சொன்னான்.

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் பனங்காட்டை வெட்டி வேலி போட்டுத் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்தன. எழுதிப் போட்ட இடங்களில் ஒன்றே ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். ஆடிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் வர வேண்டும் என்று போட்டிருந்தது. ஆவணிக்கு அதிக நாள் இல்லை. இது போனால் அரக்கோணம்தான்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நோன்பு. கலசம் வைத்துப் பூஜை செய்து, அம்மா என் கையில் மஞ்சள் சரடு கட்டினாள். நோன்புக்கு எடுத்த புதுப் புடவையும் மஞ்சள். மறுநாள் அதையே உடுத்திக்கொண்டு போ, தாயார் துணையிருப்பாள் என்றாள். கூட வருகிறேன் என்றும் சொன்னாள். வேண்டாம் என்றேன். அம்மா வந்தால் வழியெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வருவாள். முகத்தில் மஞ்சளும் நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணமுமாக, துணிப்பையில் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு விடியற்காலை வண்டியில் தனியாகக் கிளம்பினேன்.

பேஸின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாற வேண்டும். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து என்னை அப்படியே தூக்கின. ஒரு போர்ட்டர். கேட்கவில்லை, சொல்லவில்லை. மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். சுற்றி இருந்தவர்கள் அவரைப் பாராட்டினார்கள். மூட்டையைத் தூக்குவதாக இருந்தால்கூட யாருடைய மூட்டை என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜட்காகூட இல்லை. தொழிற்சாலைக்கு, தெற்கே போகிற பெரிய ரோட்டோடு போய் ஒரு கிளைப் பாதையில் திரும்ப வேண்டும் என்றார்கள். நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே வலது கால் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். வியர்வையில் ஸ்ரீசூர்ணம் கரைந்து நெற்றி முழுக்கச் சிவப்பாகியிருக்க வேண்டும். என்னை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்து வந்தது ஏன் வந்தது என்று அப்போதே புரிந்திருக்கும்.

ஆடி மாதத்தில் அந்த ரோடு பெரியபாளையத்து அம்மனுக்குப் போகிறவர்களின் ரோடு. எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு சனிக்கிழமை கிளம்புவார்கள், ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்து வேப்பிலை கட்டிக்கொள்வார்கள். நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் உடுத்தி, மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டி, காலில் செருப்பில்லாமல் போக வேண்டும். தோல் சாமான் எதையும் தொடவே கூடாது. பெருமாள் கோயில் தெருக்காரிக்கு அப்போது இதெல்லாம் தெரியாது.

அப்படி ஒரு வண்டிக் கூட்டம் பின்னால் வந்தது. முதல் வண்டியில் பின்பக்கம் ஒரு ஆடு கட்டியிருந்தது. உள்ளே பானையும் விறகும் வேப்பிலைக் கட்டும் பிள்ளைகளும். முன்னால் ஒரு ஆள் ஓட்டினார், அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நல்ல உயரம், கனத்த குரல், மணிக்கட்டில் காப்புக் கயிறு. வண்டியை நிறுத்தச் சொன்னவள் அவள்தான். "ஏறு கண்ணு. இந்தக் காலை வெச்சிக்கினு நடந்துக்கினு வரியே" என்றாள். நான் போக வேண்டிய தொழிற்சாலையைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஏறி உட்கார்ந்தேன். எங்கே என்று திருப்பிக் கேட்கவில்லையே என்று அப்போது ஆச்சரியப்பட்டேன், சந்தோஷமும் பட்டேன்.

கிளைப் பாதை வந்தது. தூரத்தில் புகைபோக்கி தெரிந்தது. இங்கேதான், நிறுத்துங்கள் என்றேன். ஓட்டினவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தாத. சோதனை வந்துட்ச்சி" என்றாள்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். காப்பு கட்டினவர்களுக்குப் பாதி வழியில் மனசு ஆடுமாம். வீட்டு ஞாபகம் வரும், வேலை ஞாபகம் வரும், திரும்பிவிடலாம் என்று அடம் பிடிப்பார்கள். அது அம்மன் வைக்கிற சோதனை. அப்போது கூட வருகிறவர்கள் அவர்களை விடக் கூடாது, எத்தனை கெஞ்சினாலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் அவர்கள் செய்கிற உதவி. ஆக, மஞ்சள் சேலை, கையில் சரடு, வெறுங்கால், சூம்பின கால் என்று எல்லாம் பொருந்தி ஒருத்தி ஏறியிருக்கிறாள். காலுக்காக நேர்ந்துகொண்டவள், கம்பெனி அது இது என்று பிதற்றுகிறாள். நான் இன்டர்வியூ என்று கத்தக் கத்த அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துகொண்டே வந்தது. குதிக்கப் பார்த்தேன். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிடியில் அத்தனை கரிசனம்.

கவரப்பேட்டைக்கு முன்னால் ஏரிக்கரைத் தோப்பில் வண்டிகள் நின்றன. கீழே இறக்கினார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு அங்கே வெடித்தது. தாவணியில் அரிசி போட்ட மாமியிலிருந்து பேஸின் பிரிட்ஜ் போர்ட்டர் வரை எல்லோருக்கும் சேர்த்து அவர்களைத் திட்டினேன். உடம்பு நடுங்கியது, தலைமுடி அவிழ்ந்தது, குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உங்களை யார் உதவி செய்யச் சொன்னது, யார் கேட்டது என்று தரையில் அடித்து அழுதேன். எல்லோரும் கைகூப்பினார்கள். பிறகு குலவை போட்டார்கள்.

ஆத்தா வந்துவிட்டாளாம். ஒரு குடம் மஞ்சள் நீரை என் தலையில் ஊற்றினார்கள். முடியில் வேப்பிலையைச் செருகினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். ஒரு கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் விழுந்து, "ஆத்தா, இந்த வருசமாச்சும் ஏரி ரொம்புமா?" என்று கேட்டார். நாசமாய்ப் போக என்றேன். அதையும் பக்தியோடு கேட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் அத்தனை பேர் கைகட்டி நின்று என் பேச்சைக் கேட்டதில்லை. ஒருவர் காதிலும் நான் சொன்னது விழவில்லை.

ஆத்திரத்தில் பையை வீசி எறிந்தேன். சர்டிபிகேட் ஒரு பக்கம் போய் விழுந்தது. செருப்பு இரண்டும் கற்பூரத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தன.

குலவை நின்றது. விழுந்து கும்பிட்ட கிழவர் எழுந்து பின்னால் போனார். நேர்ந்துகொண்டவள் தோல் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வரமாட்டாள், சாமி வந்தவள் அதை வீசவும் மாட்டாள். வண்டிக்காரர் மனைவி செருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ பெரியபாளையத்துக்குப் போவலையா?"

இல்லை என்றேன். கையில் இருப்பது எங்கள் வீட்டு நோன்புச் சரடு என்றேன். என் பேச்சின் வாடை இப்போதுதான் அவர்களுக்கு எட்டியது. ஐயிரூட்டுப் பொண்ணு என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். உடனே எல்லோரும் விலகிப் போய் நின்றார்கள். என் தோளைப் பிடித்திருந்த பெண்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் கும்பிட்டார். அவர்கள் பயந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது, இந்தத் தடவை அவர்கள்மேல் இல்லை. நனைந்த புடவையோடு உட்கார்ந்து, வேலை போச்சு, இந்தக் காலைப் பார்த்து எப்படியும் கொடுத்திருக்க மாட்டார்கள், இப்போது நேரமும் போச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழுதேன்.

வண்டிக்காரர் மனைவி மட்டும் விலகவில்லை. எதிரில் குந்தினாள்.

"இன்னா வேல அது?"

நிமிர்ந்து பார்த்தேன். அவளை ஏன் அப்படிப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் பேச்சுக் கொடுத்த அந்நியர் ஒருவர்கூட விடாமல் காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன வேலை தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. டைப் அடிக்கிற வேலை என்றேன். புரியவில்லை. மிஷின் என்றேன். அவளுக்குத் தெரிந்த மிஷின் தையல் மிஷின்.

"கால்ல மெறிக்கிறதா?"

"இல்லை. கையாலே அடிக்கிறது" என்று விரல்களை ஆட்டிக் காட்டினேன்.

"அப்ப காலு இன்னாத்துக்கு?"

ஆறுதலுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. கையால் செய்கிற வேலையைக் காலைப் பார்த்து ஏன் மறுப்பார்கள் என்று என்னிடம் பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எழுந்தாள், புருஷனிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

அதற்குத்தான் தோப்பில் பெரிய சச்சரவு ஆயிற்று. காப்பு கட்டிக் கிளம்பின வண்டி அம்மனைப் பார்க்காமல் வந்த வழியே திரும்பக் கூடாது. திரும்பினால் அந்த வருஷத்து நேர்த்தி போச்சு. போன வருஷம் அவள் புருஷனைப் பாம்பு கடித்துப் பிழைத்திருந்தார், அந்த ஆடு அதற்கு நேர்ந்துகொண்டது. மற்ற வண்டிக்காரர்கள் சாமி குத்தம் என்றார்கள், கிழவர் கையை நீட்டித் திட்டினார். ரோட்டில் வருகிற லாரியில் ஏற்றி அனுப்பு என்று ஒருத்தி யோசனை சொன்னாள். தனியா ஒரு பொண்ணை எப்பிடி ஏத்துறது என்றாள் இவள். கடைசியில், "நாமதானே இட்டுக்கினு வந்தோம். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி, தானே மாட்டின் கயிற்றைப் பிடித்துத் திருப்பினாள். அவர்கள் வண்டி மட்டும் வடக்கே வந்தது.

வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. செருப்பு வைத்திருப்பதை முதலிலேயே காட்டித் தொலைப்பதற்கு என்ன, வாய் இருக்கிறதே என்று அவள் திட்டினாள். வாயால் சொன்னதை நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்று நான் திட்டினேன். திட்டிக்கொண்டே என் முடியிலிருந்து வேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்தாள். பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு, நான் ஆமாம் என்ற பிறகுதான் ஒரு சொம்பில் கூழ் ஊற்றி நீட்டினாள். குடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஓட்டினவர் மாட்டைத் தட்டித் தட்டி, இரண்டு பெண்களுக்கும் பயந்துகொண்டு, கம்மென்று ஓட்டினார்.

சங்கு ஊதும்போது வண்டி கேட்டுக்கு வந்தது. வாட்ச்மேன் எங்களைக் கோயிலுக்கு வசூல் செய்ய வந்தவர்கள் என்று நினைத்து விரட்டினார். இன்டர்வியூக் கடிதத்தைக் காட்டி உள்ளே போனேன். நான் நடந்த இடமெல்லாம் மஞ்சள் நீர் சொட்டியது.

ஆபீசர் தங்கமான மனிதர். என் காலைப் பார்த்தார், எழுந்து வந்து தானே நாற்காலி இழுத்துப் போட்டார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். மோர் கொண்டுவரச் சொன்னார். எப்படி ஆயிற்று என்று கேட்டார், சின்ன வயசிலேயா என்று உச்சுக்கொட்டினார். சர்டிபிகேட்டைப் பிரிக்கவே இல்லை. திருவள்ளூரிலிருந்து தினமும் வண்டி மாறி வருவது உங்களால் ஆகாது, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், வீட்டில் அண்ணன் இருக்கிறார் அல்லவா, ஜீப்பில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடச் சொல்கிறேன் என்றார். அந்தக் குரலில் இருந்த பாசத்தை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மோரை மேஜைமேல் வைத்தேன்.

"சார், உங்க ஆபீஸ் டைப்ரைட்டரைக் காலாலே மிதிக்கணுமா?"

"டைப்ரைட்டரையா? இல்லையேம்மா."

"அப்ப காலு இன்னாத்துக்கு?"

அவளுடைய பேச்சிலேயே வந்துவிட்டது.  அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து மூலையில் இருந்த மிஷினின் உறையை எடுத்தார். உட்கார்ந்து அடித்தேன். இன்ஸ்டிடியூட்டில் அடித்ததைவிட வேகமாக அடித்தேன், கோபத்துக்கு அந்த ஒரு நன்மை உண்டு. காகிதத்தின் ஓரத்தில் என் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. தப்பு ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கு வந்தேன். வண்டி இல்லை. வாட்ச்மேன் என் செருப்பை எடுத்துக் கொடுத்தார். வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அறுந்த வாரை ஓட்டை போட்டு மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தம்மா இங்கேதான் குந்திக் கட்டியது, கயிறு கையிலிருந்தது, பல்லால் கடித்து அறுத்தது என்றார். எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டேன். வடக்கே என்றார்.

பெரியபாளையம் தெற்கே. அவர்கள் ஊர் வடக்கே. காப்பை அறுத்துத் தோல் செருப்பைத் தைத்த கையோடு, ஆட்டையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ரயிலில் இடம் கொடுத்தவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள். மாமியிடம் இன்னும் ஒரு பை அரிசி இருந்தது. தனக்கு வேண்டியதை எனக்காக விட்டவள் இவள் ஒருத்திதான், இவளைத்தான் நான் தோப்பில் வாயில் வந்தபடி திட்டினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவளும் திருப்பித் திட்டினாள்.

அரக்கோணத்துக்கு நான் மூட்டை கட்டவில்லை. அந்தச் செருப்பு தேயும்வரை அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆபீசர் மாற்றலாகிப் போனார். ஆலைக் கொட்டகையில் பிரிவு உபசாரம். மைக்கில் பேசும்போது என்னைக் காட்டி, அன்று நனைந்துபோய்த் தடுமாறி வந்த ஏழைப் பெண்ணைப் பார்த்து மனசு இளகி ஒரு வாழ்வு கொடுத்தேன், என் உத்தியோகத்தில் நான் செய்த புண்ணியம் அது ஒன்றுதான் என்றார். கொட்டகையே கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன். இரண்டு பேர் தூக்கிவிட வந்தார்கள், வேண்டாம் என்றேன். வண்டி திரும்பிய கதையைச் சொன்னேன். காப்புக் கயிற்றைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியை அவள் கேட்டபடியே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டு எனக்கு ஒரு ரோஜா மாலை போட்டார்.

அன்று சாயங்காலம் அந்த மாலையைப் பையில் திணித்துக்கொண்டு வண்டி ஏறினேன். நல்ல கூட்டம். பொன்னேரியில் ஏறிய ஒரு அம்மாள் என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். உட்கார்ந்தேன். மீஞ்சூர் போனது, அத்திப்பட்டு போனது. எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். குனிந்து, குரலைத் தழைத்து, "காலுக்கு இன்னா ஆச்சும்மா?" என்றாள்.

"டைப்பிஸ்ட்" என்றேன்.